உடைக்கக் கூடாத பெட்டி

அத்தியாயம் ஒன்பது

"பெட்டிய உடைங்க காக்கா. உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு நான் பாக்கணும்."

சொல்லிவிட்டேன். ஐந்து மாதமாக இந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத வார்த்தை. தூசி தட்டலாம், இடம் மாற்றி வைக்கலாம், உடைக்கச் சொல்லி மட்டும் கேட்கவே கூடாது என்று காக்கா என்னை மூன்று தடவை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

என் அண்ணன் றாஸிக் காக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்று தாடியைச் சீவிக்கொண்டிருந்தார். ஜும்மாவுக்கு வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட். சீப்பு பாதியில் நின்றது.

"விடியக்காலைல என்ன கதை இது?"

"பதினொரு மணியாகிட்டு. விடிஞ்சு கனநேரம்."

"சிபானா, உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னன். சீல் உடைஞ்சா அது சாமான் இல்ல, கடதாசி."

"சாமானா கடதாசியா எண்டுதான் நானும் கேக்கிறன்."

குசினிக்குள் உம்மா எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. தகரப் பேணியாக இருக்க வேண்டும். எடுத்து வைக்கும் சத்தம் வரவில்லை.

காக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடிக்குள்ளேயே பார்த்தார். "இண்டைக்கு அசறுத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள ஹமீடும் ஆக்களும் வாறாங்க. பெட்டிய அவங்கட கையில குடுத்தாப் போச்சி. அதுக்குப் பிறகு அவங்க உடைக்கட்டும், தலையில வெச்சு ஆடட்டும். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? அது என்ட கைக்கூலி."

"கைக்கூலி மாப்பிளைக்கு. உனக்கில்ல."

அதில் பிழை சொல்ல முடியாது. எனக்கு வரப்போகும் மஹர் ஆயிரத்தொரு ரூபா. மாப்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் கைக்கூலி ஒரு பெட்டி. மார்க்கம் ஆணைக் கொடுக்கச் சொன்னது. எங்கள் ஊர் பெண்ணைக் கொடுக்கச் சொல்கிறது. இதைப் பேசினால் படித்த திமிர் என்பார்கள்.

எங்கள் வாப்பா மீராமுகைதீன் மௌத்தாகி இரண்டு வருஷம். ஒரு தோணியும் ஒரு கரைவலையும் வைத்திருந்தார். அவற்றை விற்றாவது என்னைப் பட்டதாரியாக்குவேன் என்றார். விற்கத் தேவைப்படாமலே நான் படித்து முடித்தேன். குடும்பத்தில் முதல் பட்டம். அவர் போன பிறகு காக்கா இரண்டையும் விற்றார். என் கலியாணக் காசு அதுதான். அந்தக் காசை முழுசாக, யப்பானில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு வந்த முனாபின் கையில் கொடுத்து, ஒரு பெட்டி காட்டூன் காட் வாங்கி வந்தார்.

காட் என்றால் சின்னப் பிள்ளைகள் சேர்த்து விளையாடும் படச்சீட்டு. ஒரு பெட்டிக்குள் அறுபது பைக்கற், ஒவ்வொன்றிலும் பத்துக் காட். யப்பானில் இதற்குப் பெரிய மனிசர் வரிசையில் நிற்கிறார்கள் என்றார் முனாப். தங்க நிறத்தில் ஒரு காட் அகப்பட்டால் ஒரு பசு மாட்டின் விலையாம். எந்தப் பைக்கற்றில் எது இருக்கும் என்று செய்தவனுக்கே தெரியாதாம். அதனால் உடைக்காத பெட்டிக்குத்தான் விலை. வைக்க வைக்க ஏறும். அவர் காட்டிய யப்பான் புத்தகத்தில் படங்களுக்குக் கீழே நீள நீளமாகப் பூச்சியங்கள் இருந்தன.

"வாங்கிறவன் ஆரு?" என்று நான் அப்போதே கேட்டேன். "கல்முனையில வெங்காயத்துக்கு விலை கேக்க ஆயிரம் பேர் இரிக்காங்க. இதுக்கு விலை கேக்க ஒருத்தனக் காட்டுங்க."

"உன்ட பட்டத்துக்கு விலை கேட்டு ஆராவது வந்தானா?" என்றார் காக்கா.

பதினான்கு மாதமாக நியமனக் கடிதம் வரும் என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவளால் என்ன சொல்ல முடியும்?

பிறகு ஹமீட் வந்தார். பொத்துவில் மாப்பிள்ளை. அறுகம்பையில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் கணக்கும் சமையலும் பார்க்கிறார். வெள்ளைக்காரன் ஒருவன் இப்படிக் காட் ஒன்றைப் பொலித்தீன் உறைக்குள் வைத்துக் காசைப் போல் பொத்திக்கொண்டு திரிந்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் கைக்கூலிக் காசுக்குப் பதில் பெட்டியையே கேட்டார். காக்கா அன்றைக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஹமீடை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு, "பொத்துவில்லயும் பள்ளிக்கூடம் இரிக்கி. நியமனம் வந்தா அங்க மாத்தி எடுப்பம். வேலைய விடத் தேவயில்ல" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பெண் பார்க்க வந்த ஆறு பேரில் என்னோடு கதைத்தவர் அவர் ஒருவர்தான்.

"பொத்துவிலுக்குப் போற வழியில எத்தினை செக்பொயின்ற் காக்கா?" என்றேன். "ஆமிக்காரன் பெட்டியக் கண்டா உடைக்காம விடுவானா? அவன் பாக்கிறதுக்கு முதல் நாம பாத்தா என்ன?"

"ஹமீட்ட மாமா தெரிஞ்ச ஆள். உடைக்க விடமாட்டார்." தொப்பியை எடுத்து வைத்தார். "நான் வாறதுக்குள்ள அதுல கை பட்டிச்சோ, வாப்பா இல்லாத வீடு எண்டு பாக்கமாட்டன்."

அவர் வெளியே போனதும் கடல் கேட்டது. வாடை தொடங்கிவிட்ட கடல். மூன்று நாளாகத் தோணி ஒன்றும் இறங்கவில்லை. நடுப்பகலிலேயே வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

பெட்டி என் அறை அலுமாரிக்கு மேலே இருந்தது. காக்கா அதை வெள்ளைச் சீலையால் சுற்றி இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டிருந்தார். ஐந்து மாதமாக மௌத்தான ஒரு பிள்ளையின் ஜனாஸாவுக்குக் கீழே படுத்தெழும்புவது போலத்தான் இருந்தது எனக்கு.

கதிரையைப் போட்டு ஏறி இறக்கினேன். முடிச்சை அவிழ்த்தேன். பெட்டியைச் சுற்றிக் கண்ணாடிப் பொலித்தீன், அதற்குள்ளே பளபளவென்று படங்கள். சுரண்டுவதற்கு நகத்தை வைத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

பொலித்தீனின் ஓரத்தில் ஒட்டிய கோடு ஒன்று ஓடியது. நேரான, மெல்லிய கோடு. அதில் பல்லுப் பல்லாகப் பதிந்திருந்தது.

எனக்கு அந்தப் பற்களைத் தெரியும். என் உம்மா சல்மா உம்மா மிளகாய்த்தூள் அரைத்து பைக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பையின் வாயை இரும்பறுக்கும் வாளின் பழைய அலகில் மடித்து, மெழுகுதிரி நெருப்பில் ஒரே இழுப்பு. அலகின் பற்கள் அப்படியே பதிந்துவிடும். கல்முனை பஸாரில் தொங்குகிற ஆயிரம் பைக்கற்றுக்குள் உம்மா ஒட்டியதை என்னால் எடுத்துக் காட்ட முடியும்.

மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். யப்பான் பெட்டியில் மிளகாய் மணத்தது.

"நான்தான் மனே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் பயமில்லை. பிடிபட்ட முகமும் இல்லை.

"நீங்க உடைச்சதா உம்மா?"

"உடைக்கல்ல. திறந்தன், மூடினன்."

"ஏன்?"

"நீ கொழும்புக்கு இன்டர்வியூக்குப் போன கிழம. மதரஸால பயான் வெச்சாங்க. உசிருள்ள உருவம் இரிக்கிற வீட்டுக்கு வானத்துல இருந்து மலக்குமார் இறங்கி வரமாட்டாங்களாம். எனக்கு நெஞ்சு பத்திப் போச்சி. நிக்காஹ் நடக்கப்போற வீடு. நீ தொழுற அறை. தலைக்கு மேல அறுநூறு சைத்தான்." உம்மா பாயில் உட்கார்ந்தார். "எறிஞ்சா உன்ட காக்கா என்ன உசிரோட விடமாட்டான். முகம் அழிஞ்சா அது உருவமில்ல எண்டு சொன்னாங்க. அப்ப கண்ண மட்டும் மூடினாப் போதுமே எண்டு நினைச்சன்."

நான் பெட்டியின் பொலித்தீனைப் பிரித்து, பைக்கற் ஒன்றைக் கிழித்தேன்.

கொம்பு முளைத்த ஒரு மீன். இரண்டு கண்ணும் கறுப்பு. வாள் பிடித்த ஒரு பெட்டை, கண் கறுப்பு. வயிற்றில் கதவு வைத்த யானை. எல்லாவற்றிலும் கறுத்த பேனையால் வட்டமாக, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல், கண்ணுக்குள்ளே மட்டும் நிரப்பியிருந்தது. பெயர் எழுதத் தெரியாமல் கைநாட்டு வைக்கிற கை செய்த வேலை. சிரிக்கிற வாய்களுக்கு மேலே அந்தக் கறுப்பு இரண்டிரண்டாக என்னைப் பார்த்தது.

"அறுநூறு காட்டும் உம்மா?"

"ஓம். அஞ்சு நாள். லுஹருக்கும் அசறுக்கும் இடையில. உன்ட பேனதான், லாச்சிக்குள்ள கிடந்த. ஒண்டுக்கு வயித்துலயும் கண்ணு மனே. அதையும் விடல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். உம்மாவும் சிரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்துக் கனகாலம். பிறகுதான் கணக்குப் பார்த்தேன். வாப்பாவின் தோணி, வலை, அசறுக்குப் பிறகு வரப்போகிற ஹமீட், எல்லாம் இந்தக் கண்களுக்குள் போய்விட்டது என்று நினைத்தேன்.

"முதல்லதான் கஷ்டம்," என்றார் உம்மா, என்னைத் தேற்றுகிற மாதிரி. "பொறகு பாடமாகிட்டு. ஒரே பத்துத்தானே. மீனு, வாள்காரி, யானை. ஒவ்வொரு பைக்கற்றுலயும் அதே பத்து, அதே வரிச. கண்ணு எங்க இரிக்கி எண்டு பாக்காமலே பேன போகும்."

"என்ன சொன்னீங்க?"

"ஒரே பத்து எண்டன்."

இன்னொரு பைக்கற்றைக் கிழித்தேன். மீன், வாள்காரி, யானை. இன்னொன்று. மீன், வாள்காரி, யானை. நாலாவதை நான் கிழிக்கவில்லை. எந்தப் பைக்கற்றில் எது இருக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது என்றார் முனாப். செய்தவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்கேயோ ஒரு அச்சுக்கூடத்தில் பத்துப் படத்தை அடித்து, வெட்டி, அறுபது தடவை அடைத்திருக்கிறான். தங்க நிறம் என்று ஒன்றும் இல்லை. மாடும் இல்லை, கயிறும் இல்லை.

உம்மா ஒரு பொருளையும் பழுதாக்கவில்லை. பொருளே இல்லை.

ஜும்மா முடிந்து எங்கெங்கோ போய்விட்டுக் காக்கா அசறுக்குக் கிட்ட வந்தபோது நாங்கள் இருவரும் பாயிலேயே இருந்தோம். நடுவில் காட்கள் பரவிக் கிடந்தன. வாசலில் நின்று பார்த்தார். எனக்கு அடி விழும் என்று இருந்தேன். அவர் முன்கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு வந்தார்.

"கண்ணுக்கு என்ன செஞ்ச?"

"நான்தான் மகன்," என்றார் உம்மா. சொல்ல வேண்டியதைச் சொன்னார். காக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பைக்கற் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒட்டிய கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"உம்மா, இது நீங்க ஒட்டினதா? ஒருத்தனுக்கும் தெரியாதே." அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எத்தின கிழிஞ்சிரிக்கி? மூணா? ஒட்டிரலாம்."

"காக்கா, எல்லாத்துலயும் ஒரே பத்துக் காட்," என்றேன் நான்.

"ம்."

அவ்வளவுதான். எந்தப் பத்து என்று கேட்கவில்லை. அதற்கென்ன என்று கேட்கவில்லை. நான் பகல் முழுவதும் சுமந்துகொண்டிருந்த செய்தி, அவர் முகத்தில் பட்டு ஒரு சுருக்கத்தைக்கூட உண்டாக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

காக்கா கதிரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எப்பலேருந்து?"

"ஒக்டோபர். கொழும்புக்குப் போனன்தானே. புறக்கோட்டையில ஒருத்தன் விளையாட்டுச் சாமான் இறக்குறவன். பைக்கற்றக் கையில எடுக்கவே இல்ல. தூரத்துல இருந்தே சிரிச்சான்."

"முனாப் எங்க?"

"போன் எடுபடுதில்ல. திரும்ப யப்பானுக்குப் போயிட்டான் எண்டு சொல்றாங்க. யப்பானுக்குத்தானோ, வேற எங்கயோ."

"ஹமீட் பெட்டியக் கேட்டது அதுக்குப் பிறகு."

"ஓம்."

"தெரிஞ்சு கொண்டுதான் குடுக்கப் போறீங்க."

"அவன்தான் கேட்டான்! நான் அவன்ட தலையில கட்டல்ல. காசு வேணா, பெட்டி போதும் எண்டு அவன் வாயாலதான் சொன்னான்." காக்கா முன்னால் குனிந்தார். குரல் தணிந்தது. அந்தத் தணிந்த குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது. "கேளு புள்ள. அவன் உடைக்கமாட்டான். உடைச்சா விலை போயிரும் எண்டு நம்புறவன் எப்பிடி உடைப்பான்? அலுமாரிக்கு மேல வெச்சிருப்பான். பத்து வருஷம் வெச்சிருப்பான். அதுக்குள்ள ரெண்டு புள்ள பொறந்திரும். உனக்கு உத்தியோகம் வந்திரும். அப்ப உடைச்சாத்தான் என்ன?"

"பத்து வருஷம் நான் அதுக்குக் கீழ படுக்கணும்."

"இஞ்ச அஞ்சு மாசம் படுத்தாய்தானே."

"எனக்குத் தெரியாமப் படுத்தன்."

உம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப..." என்று மெதுவாகத் தொடங்கினார். "நான் பழுதாக்கினது ஒண்டுமில்லயா?"

காக்கா சொன்னார், "இல்ல உம்மா. முதல்லயே பழுது."

உம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்க என்னால் முடியவில்லை. பெற்ற மகன் ஏமாந்து, அதே ஏமாற்றை இன்னொருவன் தலையில் கட்ட நிற்கிறான். அவர் காதில் விழுந்தது தன் கை செய்த பாவம் ஒன்று குறைந்தது மட்டும்தான்.

"ஹமீட்டுக்குச் சொல்லிருவம் காக்கா. காசில்ல, பெட்டியும் பொய். வேணுமெண்டா கட்டட்டும், வேணாமெண்டா போகட்டும்."

"போயிருவான்."

"போகட்டும்."

"ஏழாவது மாப்பிளைய ஆரு கொண்டு வாறது? உன்ட பட்டமா?"

"கொண்டு வராட்டி இருப்பன்."

"நீ இருப்பாய். நான்?" காக்கா எழுந்தார். "இந்தப் பெட்டி ஒண்டுதான் எண்டு நினைச்சியா நீ? கொழும்புக்கு நான் கொண்டுபோன பைக்கற் எங்கால? இந்தப் பெட்டிதான் சீல் உடைக்காம இஞ்ச இருந்திச்சே. அது சபியா உம்மாட பெட்டிலேருந்து அவவுக்குத் தெரியாம நான் உருவின. முனாப்ட பேச்சக் கேட்டு நான்தான் அவவுக்கு வித்த. ஹஜ்ஜுக்குச் சேத்த காசு. ஊருக்குள்ள இன்னும் நாலு பேர். நீ ஹமீட்டுக்குச் சொன்னா, நாளைக்கு விடிய அஞ்சு பேரும் இந்த வாசல்ல நிப்பாங்க."

சபியா உம்மா எங்கள் பின்வளவில் இருக்கிறார். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்கு நிய்யத்து என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"பெட்டி பொய் எண்டு அவவுக்குத் தெரியுமா?"

"உடைக்கக் கூடாது எண்டு சொல்லிரிக்கன்."

வெளியே வேன் ஒன்று ஊர்ந்து போகும் சத்தம் கேட்டது. காக்கா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். "வந்திட்டாங்க. பள்ளிக்குத்தான் போறாங்க. அசறத் தொழுதிட்டு வருவாங்க. கால் மணித்தியாலம்." உம்மாவைப் பார்த்தார். "உம்மா, எழும்புங்க. மூணு பைக்கற், வெளிப் பொலித்தீன். கெதியா."

உம்மா என்னைப் பார்த்தார்.

"வேணாம் உம்மா," என்றேன்.

"உன்ட கலியாணம் மனே," என்றார்.

"வேணாம்."

காக்கா குசினிக்குப் போய் மெழுகுதிரியை ஏற்றிக் கொண்டுவந்து பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அலகையும் வைத்தார். பிறகு உம்மாவின் கை போய் அலகை எடுத்தது. மீன், வாள்காரி, யானை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வரிசைப்படுத்தினார். பையின் வாயை மடித்தார். நெருப்பில் ஓர் இழுப்பு.

அழகாக ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தபோதே நான் முடிவெடுத்துவிட்டேன்.

முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஒட்டாமல் கிடந்த மூன்றாவது பைக்கற்றின் பத்துக் காட்டையும் பாயிலிருந்து அள்ளினேன்.

"அத வை," என்றார் காக்கா.

நான் கொண்டியை எடுத்தேன்.

"சிபானா! பள்ளிவாசலடிக்கா போறாய்? பொம்புளப் புள்ள, ஆம்புளைகள் தொழுதிட்டு வாற நேரம்?"

"உள்ளுக்குப் போகமாட்டன். கேற்றடியில நிப்பன்."

"இந்த வாசலத் தாண்டினா உன்ட நிக்காஹ்வுக்கு வாப்பாட இடத்துல நான் ஒப்பம் வைக்கமாட்டன். அல்லாஹ் மேல சத்தியம்."

"வைக்காதீங்க."

"சபியா உம்மாவ யோசிச்சுப் பாரு!"

"அவவத்தான் யோசிக்கிறன் காக்கா."

உம்மா தலையை நிமிர்த்தவில்லை. இரண்டாவது பைக்கற்றை நெருப்புக்குக் கொண்டுபோயிருந்தார். அலகு அங்கேயே நின்றது. பொலித்தீன் கருகும் மணம் என் பின்னாலேயே வாசல்வரை வந்தது.

தெருவில் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. மூலைக் கடையில் நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பள்ளிவாசலுக்கு முன்னால் பொத்துவில் வேன் நின்றது. அதன் பின்கண்ணாடியில் ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே தொழுகை தொடங்கிவிட்டது. நாலு ரக்அத்து. வேகமாக நடந்தால் ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிவதற்குள் கேற்றடிக்குப் போய்விடலாம்.

ஹமீட் வெளியே வரும்போது எதை முதலில் சொல்வது என்பது மட்டும்தான் இனி நான் யோசிக்க வேண்டியிருந்தது.